நீலம் அவன், சிவப்பு அவள், பச்சை அது

வியாபாரத்தில் தோற்றவன் மூன்று நாள் வாய் திறக்கமாட்டான், நான்காம் நாள் வாய் மூடமாட்டான் என்பார்கள் எங்கள் கடைவீதியில். தேர்வில் தோற்றவர்களுக்கு அந்த மூன்று நாள் சலுகையும் கிடையாது. காலை ஒன்பது மணிக்கு முடிவு வந்தது. ஒன்பதே காலுக்குள் நம் மருமகள் இரண்டு பேருக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

இந்த வீட்டுக்கு இன்றுதான் வருகிறவர்கள் இப்படி உட்காருங்கள், முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமான நாற்பதாம் நாள் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவன் இவள் புருஷன். பதினாறு மாதமாகப் போனில்தான் குடித்தனம். இவள் அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் முதலில் ஜெர்மன் மொழியில் ஒரு தேர்வில் தேற வேண்டும். காதலுக்குக் கண் இல்லை என்றாலும் விசாவுக்கு உண்டு.

அந்த மொழியில் ஒரு தொல்லை. நாம் மேசை, கதவு, சட்டி, சாமான் எல்லாவற்றையும் 'அது' என்று ஒரே மூட்டையில் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டோம். அவர்கள் ஒவ்வொன்றையும் எடுத்து இது ஆணா, பெண்ணா, இரண்டுமில்லையா என்று பார்த்து, பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சொல்லைக் காவலுக்கு நிறுத்துகிறார்கள். 'டேர்' நின்றால் ஆண். 'டீ' நின்றால் பெண். 'டாஸ்' நின்றால் இரண்டுமில்லை. மேசை ஆண், கதவு பெண், ஜன்னல் இரண்டுமில்லை. ஏன் என்று கேட்கக் கூடாது. புகுந்த வீட்டு வழக்கம் மாதிரி, அப்படித்தான்.

மருமகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். மாமனாருக்கு லைனிங் துணி, நூல், ஜிப் விற்கிற கடை. அங்கே கிடக்கும் வெட்டுத் துண்டுகளை விரல் அகலம் நறுக்கி, வீட்டிலுள்ள பொருள்களில் எல்லாம் ஒட்டினாள். ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு, இரண்டுமில்லாததற்குப் பச்சை. கதவைப் பார்த்தால் சிவப்பு, ஜன்னலைப் பார்த்தால் பச்சை. நடக்க நடக்கப் படிப்பு ஏறியது.

கடைசிப் பட்டியல் நாற்பது சாமான், பெரும்பாலும் அடுப்படிச் சாமான். அந்த வாரம் பார்த்துக் காய்ச்சல் அவளைப் படுக்கையில் தள்ளிவிட்டது. "நீ படு. பட்டியலக் குடு, நான் ஒட்டறேன்," என்று மாமனார்தான் முன்வந்தார். ஒட்டினார். காய்ச்சல் விட்டு எழுந்து, அந்தத் துண்டுகளைப் பார்த்தே நான்கு நாள் படித்து, தேர்வுக்குப் போனாள். எழுத்தில் நன்றாகவே எழுதினாள். பேச்சுத் தேர்வில் முள்கரண்டிப் படத்தைக் காட்டினார்கள், சொன்னாள். எதிரே இருந்தவரின் பென்சில் ஒரு கணம் நின்றது. கண்ணாடித் தம்ளரைக் காட்டினார்கள், சொன்னாள். பென்சில் மறுபடி நின்றது. மூன்றாம் தடவை நின்றபோது அவளுக்கு நாக்கே ஒட்டிக்கொண்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லக்கூடிய மேசை கூட அன்றைக்கு வெளியே வரவில்லை.

போன வாரம் அங்கேதான் அவளை விட்டுவிட்டு வந்தோம். இன்றைக்கு முடிவு. பேச்சில் நாலு மார்க் குறைவு.

"நாலுதானே," என்றார் மாமனார், செருப்பை மாட்டிக்கொண்டே. "நாலு மாசம் கழிச்சு மறுபடி எழுதிக்கலாம். நான் கடையத் திறக்கறேன். நீ மெதுவா வா."

அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்த அத்தியாயம் இவ்வளவு நீண்டிருக்காது.

புருஷன் கூப்பிட்டான். வேலைக்குக் கிளம்புகிற அவசரம், பின்னால் யாரோ கதவைச் சாத்துகிற சத்தம்.

"என்ன ஆச்சு?"

"நாலு மார்க்குல போச்சுங்க."

போனில் மௌனத்துக்கும் காசு ஓடுகிற காலம் போய்விட்டது. அதனால் இப்போதெல்லாம் மனிதர்கள் தாராளமாகவே மௌனம் காக்கிறார்கள்.

"முதல் தடவை தேதி குறிச்சப்ப, கடையில சீசன்னு தள்ளி வச்ச. ரெண்டாந்தடவை, சரக்கு வருது மாமாவால தனியா முடியாதுன்ன. இப்ப எழுதிட்டு ஃபெயில்ங்கற."

"வேணும்னேவா ஃபெயிலாவாங்க?"

"அததான் கேக்கறேன். இங்க பாரு, ஃபேமிலிக்குன்னு கம்பெனி குடுத்த வீட்ட ஆறு மாசமா நான் ஒருத்தனா பூட்டித் திறந்துட்டு இருக்கேன். வீடு வேணுமா வேண்டாமான்னு திங்கட்கிழமைக்குள்ள சொல்லணும். வேண்டாம்னா சாவியக் குடுத்துட்டு நாலு பேரோட ரூம்ல போய்ப் படுத்துக்கணும்."

"நாலு மாசம்தாங்க. அவங்ககிட்ட சொல்லிப் பாருங்க."

"அவங்ககிட்ட சொல்றது இருக்கட்டும். நீ வரணும்னு நெனக்கறேன்னு எனக்குத் தெரிஞ்சா நாலு மாசம் என்ன, நாப்பது மாசம் கெஞ்சுவேன். அதுதான் எனக்குத் தெரியல. எப்படி ஃபெயிலான? ஒரு காரணம் சொல்லு, நான் நம்பற மாதிரி. சாயங்காலம் உங்க அஞ்சு மணிக்குக் கூப்பிடறேன்."

வைத்துவிட்டான். கோபமாக வைத்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். களைத்துப்போய் வைத்தான்.

*

பதினோரு மணிக்கு அவள் ஜெர்மன் வாத்தியாரம்மாவின் மாடிப்படி ஏறினாள். கீழே சைக்கிள் ரிப்பேர் கடை, மேலே ஒரு அறை, எட்டு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. ஒரு காலத்தில் இயந்திரங்களோடு வரும் ஜெர்மன் குறிப்புப் புத்தகங்களை மொழிபெயர்த்து வந்தவர் அந்த அம்மாள். மனிதர்களிடமும் எந்தத் திருகாணி கழன்றது என்றுதான் முதலில் பார்ப்பார்.

"அழுது முடிச்சுட்டியா, இனிமேதானா?"

"முடிச்சுட்டேன் மிஸ்."

"சரி. உக்காரு. கடைசிப் பட்டியல்ல இருந்து கேக்கறேன். யோசிக்காம சொல்லு. முள்கரண்டி?"

"டாஸ் காபெல்."

"கத்தி?"

"டீ மெஸ்ஸர்."

"ஸ்பூன்?"

"டேர் லெஃபெல்."

"சோப்பு, துண்டு, கத்தரிக்கோல், தலையணை."

சொன்னாள். வாத்தியாரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு மீதி முப்பத்துச் சொச்சத்தையும் ஒன்றுவிடாமல் கேட்டார். கேட்டு முடித்து, டிராயரைத் திறந்து அதே பட்டியலின் இன்னொரு பிரதியை எடுத்து அவள் முன்னால் போட்டார்.

"பாரு. ஆண் எல்லாம் சரி. பெண்ண எல்லாம் அதுங்கற, அது எல்லாத்தையும் பெண்ணுங்கற. ஒண்ணு விடல."

"மறந்துட்டேன் போல மிஸ்."

"மறந்தவ பாதியாவது குருட்டாம்போக்குல சரியா சொல்லுவா. நீ ஒண்ணுகூடத் தப்பித் தவறிச் சரியா சொல்லல. உன் ஞாபகத்துல கோளாறு இல்ல, அது கடிகாரம் மாதிரி ஓடுது. யாரோ முள்ள மாத்தி வச்சிருக்காங்க." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அந்தத் துணித் துண்டெல்லாம் யாரு ஒட்டினது?"

மருமகள் எழுந்தாள். அடுத்த தேர்வுக்கான விண்ணப்பத்தை வாங்கிப் பையில் வைத்தாள்.

வீட்டுக்குப் போய்ச் செருப்போடு அடுப்படிக்குள் நுழைந்தாள். பட்டியலை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முள்கரண்டிக்குச் சிவப்பு என்றது பட்டியல், கைப்பிடியில் பச்சை. கத்திக்குப் பச்சை என்றது, கைப்பிடியில் சிவப்பு. கோப்பை, தம்ளர், வாணலி, சல்லடை. நாற்பதில் நீலம் போக இருபத்தாறு. இருபத்தாறும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

கை தவறினால் இரண்டு தவறும், மூன்று தவறும். இருபத்தாறு தவறாது. முள்கரண்டியையும் கத்தியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

*

தெருமுனையில் நாத்தனாரின் ஜெராக்ஸ் கடை. விண்ணப்பத்துக்கு இரண்டு பிரதி வேண்டியிருந்தது. அதைவிட, யாராவது ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

நாத்தனாருக்கு வாய் இயந்திரத்தைவிட வேகம். மற்றவர்கள் சொல்வதை உடனே இரண்டு பிரதி எடுத்துவிடுவாள். ஆனால் நியாயஸ்தி. தம்பி பொண்டாட்டி என்று ஓரவஞ்சனை காட்டியதில்லை.

எல்லாவற்றையும் கேட்டாள். இயந்திரத்தை நிறுத்தினாள்.

"இருபத்தாறும் மாறியிருக்கா?"

"ஆமா அண்ணி."

"அப்ப அப்பாவோட வேலைதான். சந்தேகமே வேண்டாம்."

"மாமா அப்படிச் செய்வாரா?"

"எங்கப்பாவ உனக்கு எத்தன நாளாத் தெரியும்? ஒன்றரை வருஷம். எனக்கு நாப்பது. பேரத்துல அந்த ஆளு முடியாதுன்னு எப்பவாவது சொல்லிக் கேட்டிருக்கியா? சொல்ல மாட்டாரு. டீ வாங்கிக் குடுப்பாரு, குடும்பத்த விசாரிப்பாரு, போயிட்டு வாங்கம்பாரு. வெளிய வந்து பாத்தா அவர் சொன்ன விலைக்கே வாங்கியிருப்ப. உன்னப் போகாதேன்னு வாய் விட்டுச் சொன்னாரா? சொல்ல மாட்டாரு. ஒட்டிக் குடுத்தாரு."

"எதுக்கு அண்ணி? நான் போனா அவருக்கு என்ன?"

"கடையில அம்மா இருந்த எடத்துல உன்ன உக்கார வச்சிருக்காரு. முப்பது வருஷம் அம்மா அந்த ஸ்டூல விட்டு எந்திரிக்கல. ஒரு கல்யாணம் காட்சின்னு வெளிய போக விட்டதில்ல. நீ இல்லாம கடை ஓடாதும்மாம்பாரு. அம்மாவும் அதப் பெருமைன்னு நெனச்சுட்டு உக்காந்தே போய்ச் சேந்தாங்க." பிரதிகளை நீட்டினாள். "தம்பிகிட்ட சொல்லிடு. அப்பாதான் மாத்தி ஒட்டினாருன்னு நேரா சொல்லு. ஒரே ஒரு காரணம் கெடைக்கட்டும், கடைய இழுத்து மூடறேன்னு அவனும் ரெண்டு வருஷமா காத்துட்டு இருக்கான்."

மருமகளுக்கு அப்போது அழுகை வரவில்லை. அழுகை என்பது இன்னும் பாக்கி நம்பிக்கை இருக்கிறவர்கள் செய்வது.

*

கடைவீதியில் மாமனாருக்கு 'மேட்சிங்காரர்' என்று பெயர். எந்தத் துணியைக் கொண்டுபோனாலும் அதற்கு ஜோடியாக லைனிங் எடுத்துத் தருவார், மாற்றித் தா என்று திரும்பி வந்தவர்கள் கிடையாது. கடை ஆறடி அகலம். இரண்டு சுவரிலும் கூரை வரைக்கும் துணிச் சுருள்கள். நடுவில் ஒரு பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஸ்டூல்.

மருமகள் தன் ஸ்டூலில் உட்காரவில்லை. வாசல் ஓரமாக நின்றாள்.

"சாப்பிட்டியாம்மா?"

அவள் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

"தம்பி பேசினானா?"

"அஞ்சு மணிக்குப் பேசறாரு."

அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஒரு தையல்காரர் உள்ளே வந்தார். காதில் போன், தோளில் அளவு நாடா. சட்டைப் பையிலிருந்து செங்கல் சிவப்பில் ஒரு துண்டை எடுத்துப் பலகையில் போட்டார்.

"இதுக்கு ஒரு ரெண்டு மீட்டர். சீக்கிரம், பார்ட்டி உக்காந்திருக்கு."

மாமனார் மருமகளைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு விளையாட்டு நடக்கும். துண்டைத் தூக்கிக் காட்டி, "இது என்ன நிறம் சொல்லு பாப்போம்," என்பார். அவள் செங்கல், காவி, மாந்தளிர் என்று ஏதாவது சொல்வாள். "பரவாயில்லையே, தொழில் வருதே," என்பார். அவளே சுருளை இழுத்துக் கொடுப்பாள். ஒன்றரை வருடமாக அது மாமனாரும் மருமகளும் சிரித்துக்கொள்கிற ஒரு விளையாட்டு.

இன்றைக்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வெளிச்சத்துல வச்சு நீங்களே பாத்து எடுங்களேன்," என்றார் மாமனார், தையல்காரரிடம். "நான் எடுத்தா வியாபாரம், நீங்க எடுத்தா திருப்தி."

"அட நீங்க வேற. மேட்சிங்காரர் கடைக்கு வந்து நான் பாக்கறதா? எடுங்க." தையல்காரர் போனில் யாரையோ திட்ட ஆரம்பித்தார்.

மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பினார். கை ஒரு பச்சைச் சுருளின் மேல் போய் நின்றது. அங்கிருந்து சிவப்புக்குப் போனது. சுருளின் ஓரத்தில் அச்சடித்த எண்ணைப் பார்த்து உதடு முணுமுணுத்தது. மறுபடி பச்சைக்கு வந்தது. துண்டைச் சுருளோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். கழுத்தோரம் வியர்த்திருந்தது.

நாற்பது வருடம் தொழில் செய்த கை அப்படி அலையாது.

மருமகள் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். அவர் பச்சையை உருவிக்கொண்டிருந்தார்.

அவள் உள்ளே வந்து, அவர் கையிலிருந்ததை வாங்கி மீண்டும் அடுக்கில் செருகினாள். சிவப்பை எடுத்துப் பலகையில் விரித்தாள். இரண்டு மீட்டர் அளந்தாள், கத்தரித்தாள், மடித்தாள். தையல்காரர் காதிலிருந்து போனை எடுக்காமலே தலையாட்டிவிட்டுப் போனார்.

அவள் பையைத் திறந்து முள்கரண்டியையும் கத்தியையும் பலகைமேல் வைத்தாள்.

"மாமா. இது என்ன நிறம்?"

அவர் பார்த்தார். இரண்டையும் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"மாமா."

"இருட்டா இருக்கறது சிவப்பு," என்றார். "எனக்குச் சிவப்பு எப்பவும் இருட்டாத்தான் தெரியும். அதை வச்சுத்தான் ஒட்டினேன்."

அவள் நறுக்கி வைத்திருந்தது பாட்டில் பச்சை. அவர் கண்ணுக்குச் சிவப்பைவிட அதுதான் இருட்டு. துண்டுகளைப் போட்டு வைத்த உறை இரண்டின் மேலும் நிறத்தை எழுதி வைத்திருக்கலாம்தான். சிவப்புத் துண்டு கிடக்கிற உறைக்குமேல் சிவப்பு என்று யாராவது எழுதி வைப்பார்களா?

"பொறந்ததுல இருந்தே சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான். உங்க அத்தைக்கு மட்டும் தெரியும். கல்யாணமாகி மூணாம் நாளு கண்டுபிடிச்சா. அன்னைக்கு வந்து உக்காந்தவதான் அந்த ஸ்டூல்ல." ஸ்டூலைப் பார்க்காமல் சொன்னார். "அவ போனப்புறம் வாசல் வெளிச்சத்த வச்சே ஓட்டினேன். அப்புறம் நீ வந்த."

"என்னை எழுப்பிக் கேட்டிருக்கலாமே மாமா. காய்ச்சல்னா என்ன. ஒரு வார்த்தை."

"கேட்டா தெரிஞ்சு போயிடுமே."

வாசலில் ஒருத்தி ஜிப் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். அவர் தலைக்கு மேலேயே வரிசையாக ஜிப் தொங்கியது. வந்தவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

"தப்பா ஒட்டினது தெரியாம நடந்தது," என்றார் பிறகு. "சத்தியமாத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். காலைல போச்சுன்னு நீ சொன்ன பாரு. எனக்கு முதல்ல வருத்தம் வரல. அப்பாடான்னு இருந்துச்சு. வருத்தம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. அது தெரியாம நடந்ததுன்னு என்னால சொல்ல முடியாது."

பொய் சொல்லியிருந்தால் அவளால் கோபப்பட்டிருக்க முடியும். அந்த வசதியையும் அவர் அவளுக்குக் கொடுக்கவில்லை.

அவள் தன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கால் வலித்தது, அவ்வளவுதான். அது அத்தையின் ஸ்டூல் என்று அவளுக்குத் தெரியும். அது எதற்குப் போடப்பட்ட ஸ்டூல் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அவர் காரணம் கேக்கறாரு மாமா. வேணும்னே ஃபெயிலாயிட்டேன்னு நெனக்கறாரு. திங்கட்கிழமை வீட்டுச் சாவியத் திருப்பிக் குடுக்கப் போறாரு."

"நான்தான் மாத்தி ஒட்டினேன்னு சொல்லு."

"ஏன் ஒட்டினாருன்னு கேப்பாரு."

"வேணும்னே ஒட்டினாருன்னு சொல்லிடு. மருமகள விட மனசில்லாம கெழவன் சூது பண்ணிட்டான்னு சொல்லு. நம்புவான். அவங்க அக்காவும் நம்புவா." கத்தியிலிருந்த துண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "கண்ணு விஷயம் மட்டும் வேண்டாம்மா. அது தெரிஞ்சா மறுநாள் கடைய மூடிடுவான். இந்த வீதி முழுக்கச் சிரிக்கும். நாப்பது வருஷமா ஊருக்கு ஜோடி சேத்தவன், கண்ணு தெரியாமலா சேத்தான்னு கேப்பாங்க. என்னை ஏமாத்துக்காரன்னு சொல்லட்டும், பரவாயில்ல. இந்தத் தொழில்ல அது பாதிப் பாராட்டு."

அவள் சிரித்திருப்பாள், வேறொரு நாளாக இருந்தால்.

*

ஐந்து மணிக்கு வீட்டில், அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு போனை எடுத்தாள். மாமனார் கூடத்து நாற்காலியில். கடையை அவ்வளவு சீக்கிரம் அடைத்துவிட்டு அவர் வந்தது இதற்கு முன் அத்தை போன அன்றைக்குத்தான்.

போனை ஸ்பீக்கரில் போடவில்லை. ஆனால் புருஷன் குரல் கூடம் வரைக்கும் கேட்டது.

"சொல்லு."

மத்தியானம் முழுக்க அவள் மூன்று காரணங்களையும் மாற்றி மாற்றி எடை போட்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் அவளை நம்புவான், அப்பாவின் கடை போகும். வேண்டுமென்றே மாற்றினார் என்று பாதி உண்மையைச் சொன்னால் அவளை நம்புவான், அவனுக்கு அப்பாவே இல்லாமல் போய்விடுவார். இரண்டிலும் அவளுக்குப் புருஷன் உண்டு, பழியைத் தானே போட்டுக்கொள்கிற மூன்றாவதில் இல்லை. கடைசியில் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தாள். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவள் தியாகம் செய்யக் கிளம்பிய பெண் இல்லை. புருஷனோடு இருக்க ஆசைப்பட்ட பெண்.

"மாமாதான்..." என்று ஆரம்பித்தாள்.

"அப்பாவா? அப்பா என்ன பண்ணாரு?" அவன் குரல் நிமிர்ந்தது. "நெனச்சேன். சொல்லு. என்ன பண்ணாரு? இப்பவே அக்காவக் கூப்பிட்டுக் கடைய மூடச் சொல்றேன். நாளைக்கே ஆள் பாத்து வித்துடலாம். நீ மட்டும் சொல்லு."

அவன் குரலில் அவளுக்காகக் காத்திருந்தவனின் தவிப்பைத் தேடினாள். இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ஒரு சந்தோஷம் உட்கார்ந்திருந்தது. இரண்டு வருடமாகக் காத்திருந்த காரணம் கிடைத்துவிட்ட சந்தோஷம். அவளைத் தாண்டி அவன் வேறெங்கோ பேசிக்கொண்டிருந்தான்.

கூடத்தைப் பார்த்தாள். மாமனார் இரண்டு கையையும் முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். தீர்ப்புக் கேட்கிறவர் மாதிரி இல்லை. ஊசி போடக் கையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்க்கிற பிள்ளை மாதிரி இருந்தார்.

"மாமாதான் கூட்டிட்டுப் போனாரு, கூட்டிட்டு வந்தாரு," என்றாள். "அவர் என்ன பண்ணுவாரு. நான்தாங்க சரியாப் படிக்கல."

"படிக்கலயா?"

"கடைசிப் பட்டியலத் தொடவே இல்ல. காய்ச்சல் வந்துச்சு. அப்புறம்... தொடல."

இந்த இடத்தில் அவர் எழுந்து வந்து போனை வாங்கியிருக்கலாம். மூன்றடி தூரம்தான். நாற்காலியின் கையை அழுத்தி அரை எழும்பு எழுந்தார். மருமகள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

எதிராளி தானாகவே விலையை இறக்கிக்கொண்டு வரும்போது நடுவில் வாயைத் திறக்காதே என்பது கடைவீதியில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற முதல் பாடம். நானும் அங்கே வளர்ந்தவன்தான், எனக்கும் சொல்லித் தந்தார்கள். எத்தனையோ பாடம் மறந்துபோகிறது. இது ஏன்தான் மறப்பதில்லையோ.

"அப்ப காலைல நான் கேட்டது சரிதான்," என்றான் புருஷன்.

"எது?"

"உனக்கு வர இஷ்டமில்ல."

"இருக்குங்க."

"நாப்பது வார்த்தைங்க. நாப்பது வார்த்தை படிச்சா புருஷன் கூட வந்து இருக்கலாம்னா, எந்தப் பொண்ணு படிக்காம இருப்பா, சொல்லுங்க?" அவளை அவன் 'ங்க' போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை. அந்நியர்களுக்குக் கொடுக்கிற மரியாதை அது. "திங்கட்கிழமை சாவியக் குடுத்துடறேன். அப்பாவப் பாத்துக்குங்க."

கட் ஆனது.

போனைக் காதிலிருந்து எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எடுத்து, திரையைத் துடைத்து, அலமாரி மேல் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். வெளியே தெருவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள்.

அழுதாள். சத்தம் வராமல், நின்றபடியே, பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு.

மாமனாருக்கு முதுகுதான் தெரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மன்னித்துவிடு என்று சொல்லலாம். அவனைக் கூப்பிடு, நான் பேசுகிறேன் என்று சொல்லலாம். நாற்பது வருடத்தில் நேரம் தெரியாமல் ஒரு வார்த்தை பேசியிராத மனிதர். வாயைத் திறந்தபோது வேறொன்றுதான் வந்தது.

"நாளைக்குக் கடைக்கு வருவியாம்மா?"

சொன்ன பிறகு அவருக்கே காதில் விழுந்தது.

மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவரை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கிறதா, பரிதாபம் இருக்கிறதா என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அவர் சாவியக் குடுக்கற திங்கட்கிழமை வரைக்கும் வரேன்," என்றாள்.